ஈரத்துண்டு உதய விழா

"அண்ணாச்சி போட்டோவே இம்புட்டு பெருசா வந்தா, நம்ம பேரை எங்கன போட?" என்று கேட்டாள் ஸ்ரீமதி.

இசக்கிமணி அச்சகத்துக்காரர் கொடுத்த மாதிரி நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் சொந்தக் குழுவின் நோட்டீஸில் பின்பக்கத்துக்குப் போகும் அளவுக்கு அவன் இன்னும் இறங்கி வரவில்லை.

'ஈரத்துண்டு' என்ற இசைக்குழு தொடங்கி அன்றைக்கு நாலாவது நாள். ஆட்கள் மூன்று பேர். பாட்டெழுதி கிட்டார் வாசிப்பவன் இசக்கிமணி. பாடுகிறவள் ஸ்ரீமதி. மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே கையால் அடித்துத் தாளம் போடுபவன் கிதிர் முகம்மது. மற்ற நேரங்களில் தென்காசி செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறான். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, மாலை மரியாதை கிடையாது, யாரும் யாருக்கும் மேல் இல்லை. இதுதான் குழுவின் கொள்கை. பாவம், நாலு நாள் தாக்குப் பிடித்தது.

சென்னையில் 'வேர்ச்சத்தம்' என்றொரு இசைத் திருவிழா. சினிமாப் பாட்டு கூடாது. புத்தம் புதிய குழுக்களுக்கு மட்டும்தான் இடம். குழு முதன்முதலாக மேடை ஏறும் ஐந்து நிமிட வீடியோவை அனுப்ப வேண்டும். எதிரில் முப்பது பேராவது இருக்க வேண்டும். ஒட்டு வேலை, வெட்டு வேலை இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

தேர்வானால் சென்னை மேடை. ஆகாவிட்டால் டயர்.

டயர் என்றால் நிஜ டயர்தான். புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் இசக்கிமணியின் தாய்மாமன் லாரி டயர் கடை வைத்திருக்கிறார். அப்பா மாடக்கண்ணு போலீஸில் எஸ்.எஸ்.ஐ. இருபது சீசனாக அருவியில் பாதுகாப்பு டூட்டி பார்த்தவர். ஊதி ஊதி விசிலே அவருக்கு இன்னொரு நாக்கு ஆகிவிட்டது. மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து முடிவாகச் சொல்லிவிட்டார்.

"மூணு வருசம் பாத்தாச்சுலே. ஸ்டேசன்ல கேக்காவ, மகன் என்ன பண்ணுதான்னு. பாட்டு எழுதுதான்னு சொன்னா, எந்தப் படத்துக்குங்காவ. படத்துக்கு இல்லன்னு சொன்னா, பொறவு எதுக்குங்காவ. நான் என்னத்தச் சொல்ல? இந்த ஒண்ணு பாரு. இதுவும் ஆகலன்னா பேசாம மாமன் கடைல போயி உக்காரு."

"சரிப்பா."

"ஆமா, குழுவுக்கு என்ன பேரு வச்சிருக்கே?"

"ஈரத்துண்டு."

மாடக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஈரத்துணியப் போட்டுக் கழுத்த அறுக்கதுன்னு கேட்டிருக்கேன்லே. நீ அதுக்குப் பேரும் வச்சு, ஊரையும் கூப்பிடுதே."

அந்தக் கடையில் போய் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டோம் என்று இசக்கிமணிக்குத் தெரியும். மாமா எழுந்திருக்கவில்லையே.

முதலில் இடம் வேண்டும். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஆவுடைநாயகம் அண்ணாச்சியிடம் போனான். சாரல் சீசன் இன்னும் தொடங்கவில்லை. லாட்ஜில் ஈ காக்கை கிடையாது. மாடியில் இருநூறு பேர் உட்காரும் ஹால் சும்மா கிடந்தது.

"வாடகையா? உன்கிட்டயா? நல்லாக் கேட்டே போ," என்றார் அண்ணாச்சி. "சும்மா நடத்துலே. நோட்டீஸ் எப்ப அடிக்கே?"

"நோட்டீஸ் இல்ல அண்ணாச்சி. வாட்ஸப்ல போட்டாப் போதும்."

அண்ணாச்சியின் முகம் வாடிப்போனது. "ஏலே, காதுகுத்துக்கே நோட்டீஸ் அடிக்கோம். தலைமை யாருன்னு தெரியாம ஜனம் எப்படி வரும்?"

"எங்க குழுவுல தலைமையே கிடையாது அண்ணாச்சி. எல்லாரும் சமம்."

"ரொம்ப நல்லது. நீங்க சமமா இருங்க. தலைமைக்கு நான் இருந்துக்கிடுதேன்."

இலவச ஹால் கொடுத்தவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். தலைமை: ஆவுடைநாயகம். நோட்டீஸ் இப்படித்தான் பிறந்தது.

அடுத்த நாள் காலையில் லாட்ஜுக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார் முத்துக்குமாரசாமி. ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அண்ணாச்சிக்குச் சித்தப்பா மகன். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேருக்கும் நடுவில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோயில் மண்டகப்படியில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று வந்த தகராறு. பட்டர் இரண்டு பேருக்கும் பரிவட்டம் கட்டித்தான் பார்த்தார். யார் தலையில் முதல் சுற்று விழுந்தது என்பதில் வழக்கு நடக்கிறது.

"அவன் தலைமைன்னு கேள்விப்பட்டேன்," என்றார் மாஸ்டர்.

"ஆமா சார்."

"சந்தோசம். என் சுவத்துல ஒரு பொட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னா போலீஸ்ல எழுதிக் கொடுத்துருவேன். பிரஷர் பேஷண்ட் நான்."

இசக்கிமணி தலையைச் சொறிந்தான். கூட நின்ற ஸ்ரீமதி அவன் காதில் சொன்னாள்: "அந்தாளுக்குப் பிரஷர் இல்லலே. பேர் இல்ல. அதான் கோளாறு."

முன்னிலை: முத்துக்குமாரசாமி. பிரஷர் அந்த நொடியே இறங்கிவிட்டது.

அது ஏறியது அண்ணாச்சிக்கு. "முன்னிலைன்னா என்னலே அர்த்தம்? எனக்கு முன்னால நிக்கானா?" என்று ஆரம்பித்து, கடைசியில் தன் போட்டோ பெரிதாக வந்தால் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரிதாகப் போட்டார்கள். மாஸ்டர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, தனக்கும் அதே அளவு கேட்டார். போட்டார்கள். அப்படியானால் இடப்பக்கம் யார் என்று இரண்டு பேருமே கேட்டார்கள். படிக்கிறவன் கண் முதலில் விழுவது இடப்பக்கம்தானாம்.

"ரெண்டு விதமா அடிச்சிருவோம் மாப்ள," என்றான் கிதிர். "ஒண்ணுல இவரு இடம், ஒண்ணுல அவரு இடம். அவரவருக்கு அவரவர் நோட்டீஸக் காட்டுவோம். முடிஞ்சு போச்சு."

பெரிய மூளை என்று அவனையும் சேர்த்து மூன்று பேருமே மெச்சினார்கள். இரண்டு நோட்டீஸ் கட்டுகளையும் பிரித்து வைத்தார்கள். ஒட்டப் போனவனும் கிதிர்தான். பசை வாளியைத் தூக்கியவன் கட்டுகளை மாற்றித் தூக்கிவிட்டான். விடிந்து பார்த்தால், அண்ணாச்சி சுவரில் மாஸ்டர் இடப்பக்கம் சிரிக்கிறார். மாஸ்டர் சுவரில் அண்ணாச்சி இடப்பக்கம் சிரிக்கிறார்.

அன்றைக்கு இரண்டு பேரும் இசக்கிமணியைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எழுத்துல போனது போகட்டும். மேடைல பாத்துக்கிடுதேன்," என்றார்கள், தனித்தனியாக, அதே வார்த்தைகளில்.

மைக் செட்டுக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்காக நோட்டீஸோடு அப்பாவிடம் போனான். மாடக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஊருல உள்ள பெரியாள் பேரெல்லாம் இருக்கு," என்றார். "பெத்தவன் பேருதான் இல்ல. பரவால்ல. இருக்கட்டும். மைக்குக்கு நான் லெட்டர் வாங்கித் தாரேன்."

"அப்பா, நன்றியுரை ஒண்ணு காலியா இருக்கு."

"சே, சே. எனக்கெதுக்குலே மேடையும் கீடையும்?"

சாயங்காலமே யூனிபாரத்துக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் நோட்டீஸ் மறுபடியும் அச்சாகி வந்தபோது, அப்பாவையும் சேர்த்து மூன்று போட்டோக்களுக்கும் கீழே, அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில், எறும்பு அளவில் ஒரு வரி இருந்தது. 'இவண்: ஈரத்துண்டு நண்பர்கள்.' யார் அந்த நண்பர்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கெல்லாம் ஹால் நிரம்பிவிட்டது. முப்பது பேர் வேண்டுமே என்று பயந்தவனுக்கு நூற்றைம்பது பேர். சுரண்டையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள் அண்ணாச்சியின் சம்பந்தக்காரர்கள். அதைக் கேள்விப்பட்டு மாஸ்டர் இரண்டு வேன் சொல்லியிருந்தார். இடது வரிசை முழுக்க ஒரு கட்சி, வலது வரிசை முழுக்க ஒரு கட்சி. கீழே அண்ணாச்சி செலவில் பரோட்டா சால்னா பொட்டலம். அது தெரிந்ததும் மாஸ்டர் செலவில் கேசரி.

வீடியோவுக்கு முகம்மது ஆசிக் வந்திருந்தான். கல்யாண வீடியோ எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஆசிக், ஆறு மணிக்குள்ள அனுப்பணும். அஞ்சு நிமிசம்தான். நல்லா வந்த இடமாப் பாத்து, வெட்டி ஒட்டாம அப்படியே ஒரே துண்டா அனுப்பிரு. மெயில் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் உன்கிட்ட இருக்கு," என்றான் இசக்கிமணி.

"ஏ மாப்ள, நானூறு கல்யாணம் எடுத்தவன்ட்ட பாடம் எடுக்காத. நீ போயி மைக்கப் பாரு."

நாலு மணிக்கு விழா தொடங்கியது. தலைமையும் முன்னிலையும் சேர்ந்து பதினைந்து நிமிடம், நன்றி ஐந்து நிமிடம், நாலரைக்குப் பாட்டு. இசக்கிமணியின் கணக்கு இதுதான்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி சால்வையோடு எழுந்தார். அவருக்கு மேடையில் ஒரே ஒரு சொல்தான் வரும். அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டுவார்.

"அதாவது... இந்த ஈரத்துண்டு... அதாவது... நம்ம பையங்க... அதாவது... அதாவது..."

மைக் ஊளையிட்டது. ஸ்டாண்டு வேறு வழுக்கி வழுக்கி இறங்கியது. இசக்கிமணி ஓடிப்போய் அண்ணாச்சிக்குப் பின்னால் குனிந்து ஸ்டாண்டைத் திருகிப் பிடித்தான். விட்டால் இறங்குகிறது. எனவே அங்கேயே நின்றுவிட்டான்.

நாலே முக்கால். அண்ணாச்சி இன்னும் 'அதாவது'வைத் தாண்டவில்லை. மாஸ்டர் நாற்காலியிலிருந்து தொடையைத் தட்டி, "டைம்! டைம்!" என்றார். வலது கட்சி கைதட்டியது. இடது கட்சி அதைவிடப் பலமாகத் தட்டியது. மாஸ்டர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். அண்ணாச்சி விடவில்லை.

"முப்பத்தஞ்சு வருசம் பிள்ளைகளை வரிசைல நிக்க வச்சவன் நான்! லெஃப்ட், ரைட்! லெஃப்ட், ரைட்!" என்று மாஸ்டர் காலைத் தரையில் அறைந்தார்.

"அதாவது, சொந்த அண்ணனுக்கு வரிசை தெரியாதவன்... அதாவது..."

"லெஃப்ட்! யாருலே அண்ணன்? ரைட்! பரிவட்டம் யாருக்கு விழுந்துச்சு? லெஃப்ட்!"

"அதாவது எனக்கு!"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நூற்றைம்பது பேர் முன்னால், ஒரே மைக்கில், முகத்தோடு முகம் ஒட்ட. ஹால் முழுக்க எழுந்து நின்று விசிலடித்தது. இசக்கிமணி இரண்டு பேருக்கும் பின்னால் குனிந்தபடி, "அண்ணாச்சி, பாட்டு... சார், பாட்டு..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அது அவன் காதுக்கே கேட்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மகன் முகத்தைப் பார்த்தார் மாடக்கண்ணு. அந்த மனிதர் நல்லது செய்யத்தான் நினைத்தார், சத்தியமாக. மேடைக்குப் பாய்ந்து மூன்றாவது ஆளாக மைக்கைப் பிடித்தார். நன்றியுரைக்கு எழுதி வைத்திருந்த காகிதம் கூட்டத்தில் எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தார். இருபது வருஷப் பழக்கம்தான் வந்தது.

"பீ...ஈ...ஈ...ஈ!" என்று விசில். "ஏ, தள்ளாத! வெளிய வா! குளிச்சது போதும், வெளிய வா! மஞ்சச் சட்டை, உன்னைத்தாம்லே! அடுத்த ஆளுக்கு வழி விடு! பீ...ஈ...ஈ!"

"அதாவது..."

"லெஃப்ட், ரைட்!"

"வெளிய வா! வெளிய வா!"

மைக் ஒருபக்கம் தன் பங்குக்கு ஊளையிட்டது. குற்றாலத்து ஜனத்துக்கு அந்த விசில் ரத்தத்தில் ஊறியது. அந்தச் சத்தம் கேட்டால் தலையில் சீயக்காய் இருந்தாலும் வெளியே வந்துவிடுவார்கள். கைதட்டி ஆர்ப்பரித்துவிட்டு, நூற்றைம்பது பேரும் ஒழுங்காக வரிசையில் மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள். கீழே பரோட்டா சூடாக இருந்தது. பின்னாலேயே தலைமையும் முன்னிலையும், பந்தியில் யாருக்கு முதல் பொட்டலம் என்று பார்க்க இறங்கினார்கள். மாடக்கண்ணும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போனார்.

ஐந்தே முக்கால் மணிக்கு ஈரத்துண்டு பாடியது. அருவி வரிசையில் நாள் முழுக்க நின்றும் மேலே ஒரு சொட்டு விழாதவனைப் பற்றிய பாட்டு. ஸ்ரீமதி உயிரைக் கொடுத்துப் பாடினாள். கிதிர் பெட்டி உடைய அடித்தான். எதிரில், விசிலுக்கும் எழுந்திருக்காத சுரண்டைக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தவிர இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

முடித்துவிட்டு இசக்கிமணி திரும்பியபோது ஆசிக் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தான்.

"அனுப்பிட்டியா?"

"அஞ்சு ஐம்பதுக்கே போயிட்டு."

"எப்படி வந்திருக்கு?"

"சும்மா சொல்லக் கூடாது மாப்ள, நான் எடுத்ததுலயே இதான் டாப்பு," என்று சொல்லிவிட்டு ஆசிக் பரோட்டாவுக்கு ஓடினான்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. பதினோராம் நாள் காலையில் மாடக்கண்ணு மகனைத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். செங்கோட்டை வழியாகப் புளியறை போகிற பஸ். பையைத் தூக்கி மேலே வைத்தவர், ஜன்னல் பக்கம் வந்து நின்று, "மாமன் ஒண்ணும் கெட்டவன் இல்லலே," என்றார். இசக்கிமணி தலையை ஆட்டினான். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அப்போது போன் அதிர்ந்தது. 'வாழ்த்துகள், ஈரத்துண்டு!' என்று மெயில். படிக்கப் படிக்க எழுத்தெல்லாம் மிதந்தது. 'இவ்வளவு அசலான குழுவை எங்கள் நடுவர்கள் இதுவரை கண்டதில்லை. மூவரும் ஒருவரோடு ஒருவர் மோதும் வேகம், அடிவயிற்றிலிருந்து வரும் கோபம், காதைக் கிழிக்கும் அந்த ஊளை. நிறைவு நாள் மேடை உங்களுடையது.'

"அப்பா!" என்று கத்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தான்.

மாடக்கண்ணு மெயிலை எழுத்துக் கூட்டிப் படித்தார். பஸ்ஸுக்குள் ஏறித் தாமே பையை இறக்கினார். இறக்கிய பையை மகனிடம் கொடுக்காமல் தோளில் மாட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "ஸ்டேசன்ல போயி முதல்ல சொல்லணும்லே," என்றார்.

"ஊளைன்னு யாரைச் சொல்லுதாவ? என்னையா?" என்று மட்டும் போனில் கேட்டாள் ஸ்ரீமதி. பாராட்டில் குற்றம் பார்க்காதே என்று அவளை அடக்கினான் கிதிர்.

மத்தியானம் எல்லாரும் அண்ணாச்சி லாட்ஜில் கூடிவிட்டார்கள். வாழ்த்து ஃப்ளெக்ஸுக்கு யார் போட்டோ எங்கே என்று அண்ணாச்சியும் மாஸ்டரும் அதற்குள் ஆரம்பித்திருந்தார்கள். விழாவுக்குப் பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. சண்டைதான் என்றாலும் பேச்சு பேச்சுதானே. மாடக்கண்ணு எல்லாருக்கும் அல்வா வாங்கி வந்திருந்தார்.

சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "ஷ்ஷ்!" என்று எல்லாரையும் அடக்கிவிட்டு இசக்கிமணி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஈரத்துண்டுதானே சார்? வேர்ச்சத்தத்துல இருந்து பேசுறேன். டிராவல் எல்லாம் நான்தான் பாக்குறேன். பொதிகை எக்ஸ்பிரஸ்ல மூணு டிக்கெட், சரியா?"

"ஆமாங்க. மூணு பேருதான்."

"பேரும் வயசும் சொல்லுங்க சார்."

அப்பாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, வாழ்க்கையில் முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"முதல் பேரு இசக்கிமணி. வயசு இருபத்தி நாலு."

எதிர்முனையில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள்:

"இருபத்தி நாலா? இல்லியே சார், 'அதாவது' பாடுற தாத்தா, லெஃப்ட் ரைட் போடுற தாத்தா, போலீஸ் டிரெஸ்ல விசில் ஊதுற அங்கிள்னு மூணு பேருக்கும் லோயர் பெர்த் கேட்டு வச்சிருக்கேனே... ஓ, நீங்க பின்னால மைக் ஸ்டாண்டைத் திருகிட்டு நின்ன தம்பியா, ஸ்டாண்டுக்கு இங்கயே ஆள் இருக்காங்க, நீங்க வர வேண்டாம்!"